மாக்லர் இல்லாமல் வீட்டை விற்கலாமா?



ஞாயிறு பூசை முடிந்து அன்னதானத்துக்கு அமரும்போது அண்மைக் காலமாக ஒரே கேள்வி பல வாய்களிலிருந்து வருகின்றது. 1980களில் அகதிகளாக இந்நாட்டுக்கு வந்தவர்கள், உணவகத்திலும் தொழிற்சாலையிலும் இரண்டு வேலை பார்த்து வாங்கிய வீட்டை இப்போது விற்க யோசிக்கிறார்கள். பிள்ளைகள் வளர்ந்து வேறு நகரங்களுக்கும், சிலர் இலண்டனுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். படியேற முழங்கால் இடம் தருவதில்லை. விற்பனையை மாக்லரிடம் கொடுப்பதா, நாமே பார்த்துக்கொள்வதா என்பதுதான் கேள்வி. பலர் கேட்டதனால் நாம் அறிந்ததை இங்கு எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். முன்னர் பேர்லின், ஹம்பேர்க், ஹெசன் போன்ற மாநிலங்களில் தரகுப்பணம் முழுவதையும் வாங்குபவரே கொடுப்பது வழக்கம். அதனால் விற்பவருக்கு மாக்லர் இலவசம் என்ற எண்ணம் எம்மவரிடம் இன்றும் உண்டு. 2020 டிசெம்பர் 23 முதல் நிலைமை வேறு. தனிவீட்டையோ மாடிக்குடியிருப்பையோ ஒரு குடும்பம் வாங்கும்போது, விற்பவர் அமர்த்திய மாக்லரின் தரகில் பாதிக்கு மேல் வாங்குபவர் மீது சுமத்த முடியாது. விற்பவர் தன் பங்கைக் கட்டியதைக் காட்டிய பின்னரே வாங்குபவரின் பங்கைக் கேட்கலாம். தரகின் வீதத்தைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை. வழமையில் இரு பக்கமும் வரியோடு சேர்த்து 3.57 வீதம். வீடு 300,000 யூரோ என்றால் எமக்கு 10,710, வாங்குபவருக்கு 10,710. அந்தக் காசுக்குப் பல வருடத்து உபயம் செய்யலாமே என்று பெரியவர் ஒருவர் பெருமூச்சு விட்டார். நியாயமான பெருமூச்சுத்தான்.

ஆனால் இந்த 21,420 யூரோவும் எமக்கே மிச்சம் என்று நினைக்க வேண்டாம். பாதி வாங்குபவருடைய பணம். அது அவருக்கும் தெரியும். அவர் நிலையில் நின்று பாருங்கள். நோர்ட்ரைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில் காணி கைமாறும் வரி 6.5 வீதம், அதாவது 19,500 யூரோ. நொத்தாரிசுக்கும் பதிவுக்கும் ஏறக்குறைய 2 வீதம், 6,000 யூரோ. தரகையும் சேர்த்தால் 36,210 யூரோ. இதனைக் கையிலிருந்தே போடும்படி வங்கிகள் பொதுவாக எதிர்பார்க்கும். மாக்லர் இல்லையென்றால் அது 25,500 ஆகக் குறையும். சேமிப்புக் குறைந்த இளம் குடும்பம் ஒன்று அந்த வித்தியாசத்தினாலேயே எமது வீட்டை வாங்கக் கூடியதாகலாம். நாமே விற்பதன் உண்மையான பலம் இதுதான் என்பது எமது எண்ணம்.

அடுத்து எம்மவரின் பெரிய பயம்: "மாக்லர் இல்லாவிட்டால் சட்டத்தில் மாட்டிக்கொள்வோமோ?" இந்தப் பயம் பெரும்பாலும் தேவையற்றது. இலங்கையில் காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். 1840 முதல் அதுதான் சட்டம். எழுதிய உறுதியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவோம். இங்கும் நொத்தாரிசு இல்லாமல் வீடு கைமாறாது, மாக்லர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அவர் எந்தப் பக்கத்தாருக்கும் உரியவரல்லர். ஒப்பந்தத்தை முழுதும் உரத்து வாசித்து விளக்குவது அவர் கடமை. உரிமையைத் தருவது கையிலுள்ள உறுதி அல்ல, குறுண்ட்புக் எனப்படும் காணிப் பதிவேட்டில் விழும் பெயர். அந்தப் பெயர் மாறும் வரையில் வாங்குபவரைக் காக்க அதே பதிவேட்டில் ஒரு முற்குறிப்பு இடப்படும். நகரசபை தனக்கு முன்னுரிமைக் கொள்வனவு வேண்டாம் என்று எழுதித் தரவேண்டும். விற்பவரின் வங்கி தன் பிணையை விடுவிக்கும் பத்திரத்தை அனுப்ப வேண்டும். இவையெல்லாம் வந்த பின்பே, இனிப் பணத்தைச் செலுத்தலாம் என்று நொத்தாரிசு எழுதுவார். பணம் கணக்கில் விழுந்த பின்பே நாம் திறப்பைக் கொடுக்கிறோம். இந்த ஒழுங்கு முறை மாக்லர் செய்து தருவதல்ல.

ஆனால் விலை சரியா, கூரை ஒழுகுகிறதா, எமக்கு வருமான வரி வருமா என்பவற்றை நொத்தாரிசு பார்ப்பதில்லை. அந்த வேலைகளை யார் செய்வது என்பதிலேயே எமது முடிவு தங்கியிருக்கிறது.

விலையை எடுத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரர் விளம்பரத்தில் கேட்ட விலை, விற்ற விலை அல்ல. நடந்த ஒவ்வொரு விற்பனையின் ஒப்பந்தப் பிரதியும் நொத்தாரிசிடமிருந்து அவ்வூர் மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகிறது. அதிலிருந்து அவர்கள் காணியின் சதுர மீற்றர் விலையைக் கணித்து வெளியிடுகிறார்கள். 'போடன்றிக்ற்வேர்ட்' என்று கேட்டால் நகர அலுவலகத்தில் எவரும் விளங்கிக்கொள்வர். நோர்ட்ரைன் வெஸ்ற்பாலனில் 'போரிஸ்' என்ற இணையத்தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அது நிலத்தின் விலை மட்டுமே. கட்டடத்துக்கு ஒரு மதிப்பீட்டாளரைக் கூலிக்கு அழைப்பது நல்லது. அந்தக் கூலி தரகை விட மிகக் குறைவு. 2022 இல் வட்டி ஏறிய பின்னர் விலைகள் இறங்கின. 2021 இல் நண்பர் விற்ற விலையை மனதில் வைத்துக்கொண்டு விளம்பரம் போட்டவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்ததை நாம் கண்டோம்.

கடதாசிகளைத் தேடுவது சலிப்பான வேலை, ஆனால் கடினமல்ல. பதிவேட்டுப் பிரதி நீதிமன்றப் பதிவகத்தில் 10 யூரோ, அத்தாட்சிப்படுத்தியது 20 யூரோ. எடுத்ததும் அதன் மூன்றாம் பிரிவைப் பாருங்கள். கடனைக் கட்டி முடித்திருந்தாலும் வங்கியின் பெயர் அங்கே அப்படியே நிற்கக்கூடும். கடன் முடிந்தபோது வங்கி அனுப்பிய நீக்கல் சம்மதப் பத்திரத்தை எங்கு வைத்தோம் என்று அலுமாரியில் தேடுவது அப்போதுதான் தொடங்கும். எரிசக்திச் சான்றிதழ் கட்டாயம். அது பத்து வருடம் செல்லும். வீடு பார்க்க வருபவருக்கு அதனைக் காட்டாவிட்டால் 10,000 யூரோ வரை தண்டம் வரலாம். 1977 நவம்பருக்கு முன் விண்ணப்பித்துக் கட்டிய, பின்னர் வெப்பக்காப்புச் செய்யாத சிறு வீடுகளுக்கு விலை கூடிய வகைச் சான்றிதழே வேண்டும். எம்மவர் வாங்கிய வீடுகளிற் பல இந்த வகை.

இன்னொன்றையும் மனம் நோகாமல் கேளுங்கள். எமது வீடுகளில் நிலக்கீழ் அறையைச் சாமியறையாக்கினோம், மீன் பொரிக்க அங்கே இரண்டாவது குசினி போட்டோம், ஊரிலிருந்து வந்தவருக்குக் கட்டிலும் போட்டோம். அதற்காக அதனை வதியும் பரப்பளவில் சேர்த்து விளம்பரம் போடக்கூடாது. நகரசபை அனுமதித்த வரைபடத்தில் அது நிலவறை என்றால் நிலவறைதான். மழைக்குத் தண்ணீர் வந்திருந்தால் அதையும் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுவிக்க வேண்டும். "பார்த்தபடியே வாங்கினார், பொறுப்பில்லை" என்ற வாசகம், தெரிந்தே மறைத்த குறையிலிருந்து எம்மைக் காப்பாற்றாது. ஈரச் சுவருக்கு வெள்ளையடித்து விற்றவர் பின்னர் நீதிமன்றம் ஏற நேரிடலாம்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய விடயத்துக்கு வருவோம். நாமே விற்கும்போது எமது முதல் விளம்பரப் பலகை ஆலயந்தான். "நம்மட பிள்ளை ஒருவர் வாங்கினால் நல்லது" என்று நாமும் விரும்புகிறோம். ஊரில் தேசவழமைச் சட்டப்படி பங்காளிக்கும் உரித்தாளருக்கும் அறிவித்த பின்னரே காணியைப் பிறருக்கு விற்கலாம் என்பதால், தெரிந்தவருக்கே கொடுப்பது எமது இரத்தத்தில் ஊறியது. இங்கு அப்படி ஒரு கடமை இல்லை, விருப்பம் மட்டுமே.

நாம் அறிந்த இரு குடும்பங்களின் கதையைப் பெயர் சொல்லாமல் சொல்கிறோம். தேநீர் குடித்தபடியே விலை பேசி, 5,000 யூரோ அச்சாரம் வாங்கி, கடதாசியில் இருவரும் கையெழுத்திட்டார்கள். விற்பவர் மற்றவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான்கு மாதத்தின் பின் வாங்குபவரின் வங்கி கடனை மறுத்தது. அச்சாரம் தமக்கே உரியது என்று விற்பவர் நின்றார்; திருப்பித் தாருங்கள் என்று மற்றவர் நின்றார். இந்நாட்டில் வீடு விற்கிறேன், வாங்குகிறேன் என்ற வாக்குறுதி நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் செல்லுபடியாகாது. அந்தக் கடதாசிக்கு மதிப்பே இல்லை. இறுதியில் பணம் திரும்பிப் போனது. ஆனால் ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கு ஒரே வாகனத்தில் வந்துகொண்டிருந்த அந்த இரு வீட்டாரும் இன்று எதிர்ப்பட்டால் முகம் திருப்புகிறார்கள்.

ஆகவே தெரிந்தவர் என்றாலும் வங்கியின் கடன் உறுதிக் கடிதம் இல்லாமல் மற்றவர்களை நிறுத்த வேண்டாம். அச்சாரம் வாங்க வேண்டாம். "கொஞ்சத்தைக் கையில் தருகிறேன், உறுதியில் குறைத்துப் போடுவோம்" என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். பொய் விலை எழுதிய ஒப்பந்தம் செல்லாது, வரி ஏய்ப்புக் குற்றமும் சேரும். 2023 ஏப்ரல் 1 முதல் வீட்டு விலையைக் காசாகவோ தங்கமாகவோ கொடுப்பதே தடை; வங்கி வழியே போனதற்கான அத்தாட்சியை நொத்தாரிசு கேட்பார். சீட்டு எடுத்த காசு என்றாலும் அது முதலில் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். பதித்த குசினி போன்ற பொருட்களை விட்டுச் செல்வதானால், நியாயமான விலையில் அவற்றை ஒப்பந்தத்தில் தனியாக எழுதலாம். அந்தத் தொகைக்குக் காணி வரி இல்லை என்பதால் வாங்குபவருக்கு நேர்மையான வழியிலேயே சிறிது மிச்சம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்தையில் பேசும் டொச் வேறு, ஒப்பந்தத்து டொச் வேறு. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையாட்டிய தாய் தந்தையரை நாம் அறிவோம். போதிய டொச் தெரியாதவர் இருந்தால் ஒப்பந்தம் அவருக்கு மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்பது சட்டம். அந்த வேலையைச் சொந்த மகனோ மகளோ செய்ய முடியாது; செய்தால் அந்த எழுத்தே செல்லாமற் போகும். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே ஒழுங்கு செய்து, ஒப்பந்த வரைவை இரண்டு வாரத்துக்கு முன்னரே அனுப்பும்படி கேளுங்கள். வீட்டில் பிள்ளைகளோடு இருந்து அதனை வாசித்துவிட்டுப் போகலாம்.

வங்கிக் கடன் மீதமிருந்தால் விலை பேச முன்னரே வங்கியிடம் கேளுங்கள். நிலையான வட்டியின் காலம் முடிய முன் கட்டினால் நட்டஈடு கேட்பார்கள். கடன் முழுதும் எடுத்துப் பத்து வருடம் கடந்திருந்தால் ஆறு மாத முன்னறிவித்தலுடன் நட்டஈடின்றிக் கட்டி முடிக்கலாம். வரியிலும் பத்து வருடக் கணக்கு ஒன்று உண்டு. வாங்கிப் பத்து வருடத்துக்குள் விற்றால் இலாபத்துக்கு வரி. விற்கும் வருடத்திலும் அதற்கு முந்திய இரு வருடங்களிலும் நாமே குடியிருந்தால் அந்த வரி இல்லை. உறவினரை இலவசமாக இருக்கவிட்டால் அது எமது பாவனை ஆகாது. மாமியாரை இருத்திய வீட்டுக்கும் சலுகை இல்லை என்று 2023 நவம்பரில் இந்நாட்டின் உயர் நிதி நீதிமன்றம் தீர்த்தது. மாமியார் அதற்கு என்ன சொன்னார் என்பது தீர்ப்பில் இல்லை.

அப்படியானால் மாக்லர் எவருக்கு வேண்டும்? இலண்டனுக்குக் குடிபெயர்ந்துவிட்டு இங்குள்ள வீட்டை விற்பவருக்கு, ஒரே வீட்டில் நான்கு நாட்டிலுள்ள சகோதரர்களுக்குப் பங்கு இருப்பவர்களுக்கு, பிரிந்த கணவன் மனைவிக்கு, வாடகைக்காரர் இருக்கும் வீட்டுக்கு. தொலைபேசியில் டொச்சில் பேரம் பேச நடுங்குபவருக்கும் அவர் பயன்படுவார். எமது நோக்கில் அவர் செய்யும் மிகப் பெரிய உதவி, தெரிந்தவரிடம் "இல்லை, இந்த விலைக்கு இயலாது" என்று எமக்காகச் சொல்வதுதான். அதற்கு 10,710 யூரோ அதிகமா குறைவா என்பதை ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் சுபாவம் அறிந்தே முடிவு செய்ய வேண்டும். அமர்த்துவதானால் தவணை குறிப்பிட்ட ஒப்பந்தம் கேளுங்கள். இத்தொழிலுக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும், பரீட்சை வேண்டியதில்லை; எனவே முன்னர் விற்ற வீடுகளை விசாரியுங்கள். அவர் கொண்டுவந்த ஆளுக்கு, தவணை முடிந்த பின் நாமே நேரடியாக விற்றாலும் தரகு கேட்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

திறப்பைக் கொடுக்கும் நாளில் தண்ணீர், மின்சாரம், எரிவாயு மானிகளின் இலக்கங்களை இருவருமாக வாசித்து எழுதிக் கையொப்பமிடுங்கள். எண்ணெய்த் தாங்கி உள்ள வீடென்றால் மிச்ச எண்ணெயின் அளவையும் எழுதுங்கள். அந்த எண்ணெய்க்குத் தனியாகக் காசு கேட்க வேண்டுமென்றால், அதனை நொத்தாரிசிடம் போகும் முன்னரே பேசியிருக்க வேண்டும்.