கூண்டில் ஏறும் எண்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாகையில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதும் வகுப்பில் பாதிப் பேர், "மூணுதானே, பத்து ஏத்தட்டும் பார்க்கலாம்" என்றார்களாம். மதிப்பெண் மாதிரி அது ஏறிக்கொண்டே போகுமா என்று கேட்டிருக்கிறாய். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். செய்தி வாசிப்பவர்கள் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கு அதில் தீராத எரிச்சல் உண்டு.

அந்தக் கூண்டு கப்பல்காரர்களுக்காக ஏற்பட்டது. பகலில் கூம்பும் உருளையுமாகத் தொங்கும். இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு எரியும். 1, 2 என்றால் ஆபத்து தொலைவில், ஆழ்கடலில் இருக்கிறது. துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை, புறப்படும் கப்பல் பார்த்துப் போகட்டும் என்று பொருள். 3, 4 வந்தால் துறைமுகமே பாதிக்கப்படலாம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். 8-ஐவிட 10 பெரிய புயல் என்று அர்த்தமே கிடையாது. 5-ம் 8-ம் ஏறினால், புயல் துறைமுகத்தைத் தன் இடக்கைப் பக்கம் விட்டுக் கடக்கும். 6-ம் 9-ம் என்றால் வலக்கைப் பக்கம் விட்டுக் கடக்கும். 7-ம் 10-ம் என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலேயோ வரும். அதாவது அந்த மூன்று மூன்று எண்களும் சொல்வது பக்கத்தை.

பக்கம் ஏன் அவ்வளவு முக்கியம்? வங்கக் கடலில் உருவாகி நம் கரைக்கு வரும் புயல் பெரும்பாலும் மேற்கையோ வடமேற்கையோ பார்த்து நகரும். நீயே அந்தப் புயல் என்று வைத்துக்கொண்டு மேற்கே பார்த்து நில். உன் வலக்கை வடக்கே இருக்கும். பூமியின் வடபாதியில் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. அதனால் வலக்கைப் பக்கம், அதாவது புயல் கரையேறும் இடத்துக்கு வடக்கே, காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். புயல் நகரும் வேகமும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஆழமில்லாத கடலில் அந்தக் காற்று தண்ணீரைக் கரைமேல் குவித்துத் தள்ளிவிடும். தெற்கே இடக்கைப் பக்கமோ, காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். கடல் உள்வாங்கக்கூடச் செய்யும். கடற்கரை ஊர்களில் பெருவாரியாக உயிரைக் கொண்டுபோவது தண்ணீர்தான், காற்றல்ல. 1977 நவம்பர் 12-ல் நம் நாகைக்குச் சற்றுத் தெற்கே ஒரு புயல் கரை கடந்தது. ஒரே வாரத்தில், நவம்பர் 19-ல், ஆந்திராவில் இன்னொன்று. அங்கே கிருஷ்ணா ஆற்றின் கழிமுகத்திலுள்ள திவி சீமை புயலின் வலக்கைப் பக்கம் மாட்டிக்கொண்டது. சுமார் ஐந்து மீட்டர் உயரத்துக்குக் கடல் ஏறி ஊர்களை வாரிக்கொண்டு போனது. செத்தவர்கள் சுமார் பத்தாயிரம் பேர்.

இனி புயல் செய்தி கேட்டால், 'எவ்வளவு வேகம்' என்பதற்கு முன்னால் 'நமக்கு வடக்கேயா, தெற்கேயா' என்று கேள். கரண்ட் போய், டி.வி. அணைந்த பிறகும் காற்றே அதைச் சொல்லும். நம் கடலோடிகள் சொல்லும் வாடை வடக்கிலிருந்து அடித்து, மெல்ல மெல்லக் கிழக்கே திரும்பிக் கொண்டலாக மாறினால், புயல் நமக்குத் தெற்கே போகிறது. கடல் நம் பக்கம் வரும். வாடை மேற்கே திரும்பிக் கச்சானானால் அது வடக்கே போகிறது. திசை மாறாமல் வேகம் மட்டும் கூடிக்கொண்டே போனால் நேராக நம்மை நோக்கித்தான் வருகிறது. அதற்குள் நீங்கள் புயல் பாதுகாப்பு மையத்தில் இருக்க வேண்டும்; காற்றைப் பார்த்துக் கிளம்பலாம் என்று காத்திருப்பது கூடாது.

புயலின் கண் நம் மேலே கடந்தால் காற்று திடீரென்று நின்றுவிடும். சில சமயம் பத்து நிமிடம், சில சமயம் அரைமணிக்கும் மேல். வானத்தில் நட்சத்திரம்கூடத் தெரியலாம். எல்லோரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓட்டுக்கூரையைப் பார்க்க வெளியே வருவது அப்போதுதான். பிறகு எதிர்த்திசையிலிருந்து அடுத்த காற்று, முதல் காற்றைப் போலவே மூர்க்கமாக அடிக்கும். முதல் காற்றில் வேர் தளர்ந்து நின்ற மரமெல்லாம் விழுவது இரண்டாவதில்தான்.

இடக்கைப் பக்கம் என்றால் நிம்மதி என்று எடுத்துக்கொண்டுவிடாதே. 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. வேதாரண்யம் தெற்கேதான் இருந்தது. அங்கே என்ன மிஞ்சியது? பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே சாய்ந்து கிடந்ததை நீயும் பார்த்தாய். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று 60 கிலோமீட்டர் காற்றைவிட நான்கு மடங்கு பலமாகத் தள்ளும். பல ஊர்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கானது. மோட்டார் ஓடாவிட்டால் குடிக்கத் தண்ணீரில்லை, அதனால் தொட்டியையும் குடத்தையும் முன்னாலேயே நிரப்பி வையுங்கள்.

பாதுகாப்பு மையத்துக்குப் போவதில் உங்கள் வீட்டில் சிக்கல் தாத்தாதான். ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்பார். அவரோடு வாதாடாதே; முதல் நாளே ஆட்டை மேட்டுப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் கட்டிவிட்டால் அவர் தானாக வருவார். ஒடிசாவில் 1999 புயலில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013-ல் பைலின் வந்தபோது அதே மாநிலத்தில் பத்து லட்சம் பேர் வரை முன்கூட்டியே இடம்பெயர்க்கப்பட்டார்கள். இறந்தவர்கள் சில பத்துப் பேர். பைலினும் சிறிய புயல் அல்ல. நடுவில் வந்த பதினான்கு ஆண்டுகளில் மையங்கள் கட்டினார்கள், ஊர் ஊராக ஆட்களைப் பழக்கினார்கள். வீட்டுக்கு வீடு போய்ப் பாட்டிமாரைக் கிளப்பவும் ஆள் வேண்டும், பாப்பா.

இவ்வளவும் கரையில் இருப்பவர்களுக்கு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி கன்னியாகுமரிக்கு அருகே மளமளவென்று புயலாக வளர்ந்தபோது, பல நாள் தங்கல் மீன்பிடிக்குப் போன விசைப்படகுகள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. துறைமுகத்தில் எந்தக் கூண்டு ஏறினால் அவர்களுக்கு என்ன? உன் மாமா படகில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவி இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று கேட்டு எழுது.

11-ம் எண்ணைப் பற்றி நீ கேட்கவில்லை. பத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்திருப்பாய். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆனால் நிலைமை மோசம் என்று துறைமுக அதிகாரிக்குத் தோன்றுகிறது. அப்போது ஏற்றுவது அது. உங்கள் தெருவிலும் செல்போன் டவர் சாய்ந்தால் அதே கதிதான். அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கிறதே தாத்தாவின் பழைய ரேடியோ, அதற்கு பேட்டரி வாங்கிப் போட்டு, பாடுகிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடு. அப்பாவிடம் சொன்னால் தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம் என்பார். ஐப்பசியும் கார்த்திகையும்தான் புயல் மாதம் என்று நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா