கடைசிக் கவளம்

பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம், புராண வைராக்கியம் என்று மூன்று வைராக்கியங்களைப் பெரியோர்கள் சற்று வேடிக்கையாகக் கூறுவதுண்டு. பிரசவ வேதனையில் எழும் உறுதி குழந்தையின் முகம் கண்டதும் மறைகிறது. சுடுகாட்டில் எழும் உறுதி வீடு திரும்பிக் குளித்ததும் கரைகிறது. புராணம் கேட்கையில் எழும் உறுதி, மண்டபத்தை விட்டு எழுந்து வேட்டியைத் தட்டும்போதே உதிர்ந்துவிடுகிறது. இந்தப் பட்டியலில் நான்காவதாக ஒன்றை இக்காலத்தில் சேர்க்கலாம். அது மருத்துவமனை வைராக்கியம்.

ஐம்பது வயதை நெருங்கும் ஒருவருக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டுகிறது. அல்லது நெஞ்சில் ஓர் அழுத்தம் தோன்றி, நள்ளிரவில் மருத்துவமனைக்கு விரைய நேர்கிறது. அல்லது இரத்தப் பரிசோதனைத் தாளில், இருக்கவேண்டிய எல்லையைத் தாண்டிய எண்கள் வரிசையாக நிற்கின்றன. மருத்துவர், 'எடையைக் குறைத்தே ஆகவேண்டும்' என்கிறார். அன்றிரவே சபதம் பிறக்கிறது: இனி இனிப்பு இல்லை, இரவு உணவு இல்லை, நாள்தோறும் ஒரு மணி நேரம் நடை. புதிய காலணிகள் வாங்கப்படுகின்றன. பத்து நாட்கள் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. அடுத்த பரிசோதனையில் எண்கள் சற்றுக் குறைந்ததும் அச்சம் குறைகிறது. அச்சம் குறைந்ததும் உறுதியும் குறைகிறது. நாற்பதாம் நாள் காலணிகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

இங்கே தவறியது எது? மனவலிமை என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் உண்மையில் தவறியது அந்த உறுதிக்கு இடப்பட்ட அடித்தளம். அச்சம் மனிதனை எழுப்பிவிடும்; நெடுந்தூரம் நடத்திச் செல்லாது. அச்சத்தால் விழித்தவன், அது தணிவதற்குள் விவேகத்தின் கையைப் பற்றிக்கொள்ள வேண்டும். இதை விளக்க ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மன்னரின் வரலாறு துணைபுரிகிறது.

கோசல மன்னரின் உணவு

கோசல நாட்டை ஆண்ட பசேனதி மன்னர், புத்தர் பெருமான் காலத்தவர். அவரிடம் பெருமதிப்புக் கொண்டவர். பிரசேனஜித் என்று வடமொழி நூல்கள் அவரைக் குறிக்கின்றன. அவருடைய தலைநகர் சாவத்தி. ஒரு வேளைக்கு ஒரு துரோணம் அளவு அரிசிச் சோறு உண்பது மன்னரின் வழக்கம் என்று சம்யுத்த நிகாயம் கூறுகிறது. அப்படி உண்டு முடித்து, பெருமூச்சு வாங்கியபடியே ஒருநாள் அவர் புத்தரின் முன் வந்து அமர்ந்தார்.

புத்தர் அவரது நிலையை உணர்ந்தார். கடிந்துகொள்ளவில்லை, உடலைப் பழிக்கவில்லை, பட்டினி கிடக்கும்படியும் சொல்லவில்லை. உடலை ஒடுக்கும் கடும் பட்டினியை முன்பே மேற்கொண்டு, அது வழியன்று எனக் கண்டு கைவிட்டவர் அவர். நினைவு தவறாமல், கிடைத்த உணவில் அளவறிந்து உண்பவனுக்குத் துன்பம் குறையும், முதுமை மெல்ல வரும் என்ற கருத்தமைந்த ஒரு சிறு செய்யுளை மட்டும் சொன்னார்.

அடுத்து மன்னர் செய்ததுதான் இந்த வரலாற்றின் உயிர்நாடி. 'இனி அப்படியே செய்கிறேன்' என்று உறுதி கூறிவிட்டு அவர் எழுந்து போகவில்லை. அருகில் நின்ற சுதஸ்ஸனன் என்ற இளைஞனை அழைத்து, அந்தச் செய்யுளைப் பாடம் செய்துகொண்டு, தமக்கு உணவு பரிமாறப்படும் வேளைதோறும் சொல்லவேண்டும் எனப் பணித்தார். அதற்கு நாள்தோறும் நூறு காசுகள் ஊதியமாக நியமித்தார். இளைஞன் அவ்வாறே செய்தான். மன்னரின் உணவு படிப்படியாகக் குறைந்து, ஒரு நாழி அரிசிச் சோறு என்ற அளவில் நிலைபெற்றது. பின்னர் ஒருநாள், இலேசாகிவிட்ட தம் உடலைக் கையால் தடவிக்கொண்டே, புத்தர் தமக்கு இம்மைக்கும் மறுமைக்கும் நன்மை செய்ததாக மன்னர் நெகிழ்ந்து கூறினார்.

தம்மபதத்தின் உரை இதே வரலாற்றைச் சொல்லி, குறைத்த முறையையும் விளக்குகிறது. மன்னர் கடைசிக் கவளத்தைக் கையில் எடுக்கும்போது செய்யுள் ஒலிக்கும். அந்தக் கவளத்தை அவர் உண்ணாமல் விட்டுவிடுவார். அதிலிருந்த பருக்கைகளின் அளவுக்கு மறுநாள் சமைக்கும் அரிசி குறைக்கப்படும்.

நான்கு படிப்பினைகள்

முதலாவது, உண்மையை வெட்கமின்றி ஏற்றுக்கொள்ளுதல். தம் நிலை பிறர் கண்ணில் பட்டுவிட்டதே என்று மன்னர் சினம் கொள்ளவில்லை. பரிசோதனைத் தாளை மடித்து அலமாரியில் ஒளித்துவைப்பவரும், 'எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான்' என்று தேற்றிக்கொள்பவரும் இந்த முதற்படியிலேயே நின்றுவிடுகின்றனர்.

இரண்டாவது, தன் மனத்தை அளவுக்கு மீறி நம்பாதிருத்தல். படை நடத்திய மன்னருக்கு மனவலிமை குறைவாக இருந்திருக்க முடியாது. ஆயினும் சோற்றின் முன் அமர்ந்ததும் தமக்கு மறதி வரும் என்பதை அவர் அறிந்திருந்தார். அறிவுரை கேட்ட இடம் வேறு. மறதி வரும் இடம் வேறு. எனவே நினைவூட்டலை மறதி வரும் இடத்திலேயே நிறுத்திவைத்தார். இன்றைய குடும்பத்தில் மனைவியோ, கணவரோ, மகளோ அந்த இளைஞனின் பணியைச் செய்யலாம். ஆனால் ஒன்று: சுதஸ்ஸனன் தானாக இடித்துரைக்கவில்லை, மன்னரே கேட்டுக்கொண்டதால் நினைவூட்டினான். கேட்காதவருக்குச் சொல்லப்படும் நினைவூட்டல் நச்சரிப்பாக முடிகிறது. கேலியும் அவமானமும் ஒருபோதும் மருந்தாவதில்லை.

மூன்றாவது, சிறிதாகத் தொடங்குதல். ஒரு கவளம் என்பது மனம் எதிர்ப்புக் காட்டாத அளவு. துரோணத்திலிருந்து ஒரே நாளில் நாழிக்கு இறங்கியிருந்தால், மன்னரின் நாவும் வயிறும் கலகம் செய்திருக்கும்.

நான்காவது, குறைத்த அளவை நிலைநிறுத்துதல். விட்ட கவளம் அன்றைய தியாகமாக மட்டும் நின்றுவிடவில்லை. மறுநாள் உலையிலேயே அரிசி குறைந்தது. தட்டில் வந்துவிட்ட உணவோடு போராடுவதைக் காட்டிலும், பானையில் இடும்போதே அளந்து இடுவது எளிது.

மருத்துவம் கூறுவது

இந்தியர்களின் உடலமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. ஐரோப்பியர்களைக் காட்டிலும் குறைந்த எடையிலேயே வயிற்றுப் பகுதியிலும் கல்லீரலிலும் கொழுப்புச் சேர்ந்துவிடுகிறது. அது இன்சுலினின் செயலைத் தடுத்து, நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் வழிகோலுகிறது. இதனால்தான் கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுக்கக் கிடைக்கும் உடல் நிறைக் குறியீட்டெண், பிற நாட்டவர்க்கு 25 என்ற எல்லை வரை இயல்பாகக் கருதப்பட்டாலும், ஆசிய மக்கள் 23-லேயே விழிப்படைய வேண்டும் என்று வல்லுநர்கள் கூறுகின்றனர். 2009-இல் வெளிவந்த இந்திய மருத்துவ வழிகாட்டுதல், இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எல்லையாக வகுத்தது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் பருத்தவர், 'நான் குண்டாக இல்லையே' என்று அமைதி கொள்வதற்கு இடமில்லை.

மறுபுறம், நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. நீரிழிவின் வாசலில் நின்ற 3,234 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2002-இல் வெளியாயின. உடல் எடையில் 7 விழுக்காடு குறைத்தல், வாரத்திற்கு 150 நிமிடங்கள் விரைவான நடை போன்ற உழைப்பு ஆகியவையே அவர்களில் ஒரு பிரிவினருக்கு வைக்கப்பட்ட இலக்குகள். அப்பிரிவில் நீரிழிவு தோன்றுவது 58 விழுக்காடு குறைந்தது. மாத்திரை உட்கொண்ட பிரிவில் குறைந்தது 31 விழுக்காடு. 80 கிலோ எடையுள்ளவருக்கு 7 விழுக்காடு என்பது ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று அதிகம், அவ்வளவே.

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்தவர்களிடம் நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்ததாக அது காட்டியது. அவர்களுடைய எடையில் குறிப்பிடத்தக்க வீழ்ச்சி இல்லாதபோதே இந்தப் பயன் விளைந்தது என்பது சிந்திக்கத்தக்கது. எடைப்பொறியின் முள் அசையாத வாரங்களிலும் நற்பழக்கம் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

அந்த முள் ஏன் சில காலம் அசைய மறுக்கிறது? எடை குறையக் குறைய, உடலுக்குத் தேவைப்படும் ஆற்றலும் குறைகிறது. இழந்ததை மீட்கப் பசியும் மிகுகிறது. இது உடலின் இயல்பான தற்காப்பு. இதை அறியாதவர், 'எனக்கு மனவுறுதி இல்லை' என்று தம்மையே நொந்து முயற்சியைக் கைவிடுகிறார். அறிந்தவர் பொறுமையோடு தொடர்கிறார்.

அன்றாட வாழ்வில்

தொடக்கத்திற்கு ஒரு கணக்குப் போதும். நாளைக்கு மூன்று குவளை காப்பி அருந்துபவர், குவளைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை சேர்த்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 24 கிராம்; மாதத்திற்கு முக்கால் கிலோவை நெருங்குகிறது. வாரத்திற்கு அரைக் கரண்டியாகக் குறைத்துவந்தால் ஒரு மாதத்தில் நாக்கு புதிய சுவைக்குப் பழகிவிடும். அடுத்து, சோற்றை ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் காயும் பருப்பும் ஒரு கரண்டி கூட்டலாம். அதற்கடுத்து, உணவுக்குப் பின் பத்து நிமிட நடை. ஒன்று பழகிய பின்னரே மற்றொன்று.

எச்சரிக்கையும் தேவை. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் உணவைத் திடீரெனக் குறைத்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். நெஞ்சுவலி கண்டவர் தாமாகவே கடும் பயிற்சியில் இறங்கலாகாது. மருத்துவரைக் கலந்தே இவர்கள் தொடங்கவேண்டும்.

பக்தர்களின் இல்லங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஏகாதசியன்று சோற்றை விலக்கிவிட்டு, எண்ணெயில் பொரித்த ஜவ்வரிசி வடையும் கிழங்கு வறுவலும் வயிறு நிறைய உண்பது விரதம் ஆகாது. பிரசாதத்தை மறுக்கக் கூடாது என்பது உண்மையே. ஆனால் பிரசாதத்தின் பெருமை அதன் அளவில் இல்லை. ஒரு பருக்கையும் பிரசாதமே. தொன்னை நிறைய வாங்கிய சர்க்கரைப் பொங்கலில் ஒரு விரலளவு எடுத்துக்கொண்டு, மீதியைப் பக்கத்தில் நிற்கும் குழந்தைக்குக் கொடுப்பவர் பிரசாதத்தைக் குறைத்து மதித்தவர் அல்லர்.

வீட்டின் தாய்மார்களைப் பற்றியும் கூறவேண்டும். குழந்தைகள் தட்டில் மிச்சம் வைத்ததையும் பாத்திரத்தில் எஞ்சியதையும், வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணத்தால் அவர்களே உண்கின்றனர். உணவை வீணாக்கலாகாது என்பது அறமே. அந்த அறத்தைச் சமைக்கும்போது கடைப்பிடிக்க வேண்டும். ஒரு தாயின் உடலை எச்சில் கலமாக்கிக் கடைப்பிடிக்கலாகாது.

உடலை எவ்வாறு நோக்குவது?

உடல் அழியக்கூடியது, அதைப் பேணுவானேன் என்று சிலர் வினவுகின்றனர். பெரும்பாலும் இந்த வேதாந்தம் இரண்டாம் முறை பாயசம் வரும்போதுதான் நினைவுக்கு வருகிறது! பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் தியானத்தைக் கற்பிக்குமிடத்திலேயே, மிகுதியாக உண்பவனுக்கும் முற்றிலும் உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று கூறுகிறது. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களில் பாதிக்கு மேற்பட்டவை உணவின் அளவையும் முறையையும் பற்றியவை. சரகசம்ஹிதை மிகப் பருத்த உடலையும் மிக மெலிந்த உடலையும் ஒருசேரக் குறையுடையவையாகவே கருதுகிறது. உடலை இகழ்வதும் பிழை. கண்ணாடி முன் நின்று அதை வழிபடுவதும் பிழை. சேவைக்கும் சாதனைக்கும் கிடைத்த கருவி என்ற அளவில் அதைத் துலக்கி வைத்திருப்பதே முறை.

பாதையில் சறுக்கல்கள் வரும். ஒரு திருமண விருந்தில் கட்டுப்பாடு தவறலாம். ஒரு வேளை தவறியது ஒரு வேளைதான். 'எல்லாம் போயிற்று' என்று அந்த வாரம் முழுவதையும் கைவிடுவதே உண்மையான வீழ்ச்சி. ஜபத்தில் மனம் சிதறும்போது சாதகர் மாலையை வீசி எறிவதில்லை. மனத்தை மீண்டும் மந்திரத்துக்குக் கொண்டுவருகிறார். தட்டின் முன்னும் அதே பயிற்சிதான்.

எனவே, எச்சரிக்கை மணி கேட்டவர் பெரிய சபதங்களை நாடவேண்டியதில்லை. அடுத்த வேளை உணவில் கடைசிக் கவளம் வரும்போது ஒரு கணம் கை நிற்கட்டும். 'இது பசிக்கா, பழக்கத்துக்கா?' என்ற கேள்வி எழட்டும். பழக்கத்துக்கு என்ற விடை வந்தால், மறுவேளைக்கு அரிசி களையும்போதே அந்த ஒரு கைப்பிடி குறையட்டும்.

சிந்தனைக்கு:

1. உண்ணும் வேளையில் நினைவூட்டும்படி வீட்டில் யாரைக் கேட்டுக்கொள்ளலாம்? அவர் நினைவூட்டும்போது சினம் கொள்ளாதிருக்க முடியுமா?

2. இந்த வாரம் எவரும் கவனிக்காதபடி குறைக்கக்கூடிய ஒரு கரண்டி எது?

3. உடல் இலேசாகும்போது கிடைக்கும் நேரமும் வலிமையும் எந்த நற்பணிக்குப் பயன்படும்?