நன்னம்பிக்கை முனையில் தொழுகை

தென்னாப்பிரிக்காவின் தென்மேற்குக் கோடியில், மேசை மலையின் அடிவாரத்தே கேப்டவுன் என்னும் துறைமுக நகரம் அமைந்துள்ளது. அந்நாட்டு மக்களுள் முஸ்லிம்கள் நூற்றுக்கு இருவருக்கும் குறைவானவரே. எனினும், அந்நகரின் போ-காப் பகுதியில் நாள்தோறும் ஐந்து முறை பாங்கொலி எழுகின்றது. அவ்வொலிக்கு நெடிய வரலாறு ஒன்று உண்டு.

டச்சு வணிகக் கழகத்தார் 1652-இல் அங்குக் குடியேற்றம் அமைத்தனர். கீழைக்கடல் தீவுகளிலிருந்தும், இந்தியா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்தும் மக்களை அடிமைகளாகக் கொணர்ந்தனர். அவருள் முஸ்லிம்கள் பலர். பலரறியத் தொழுதற்கு அவர்க்கு உரிமை இல்லை. ஆதலின் வீடுகளினுள்ளே மறைவாகத் தொழுதனர்.

1780-இல் திதோர் தீவினராகிய அப்துல்லா காதி அப்துசலாம் என்னும் பெரியார் கைதியாகக் கொணரப்பட்டு, ராபன் தீவிற் சிறை வைக்கப்பட்டார். மக்கள் அவரைத் 'துவான் குரு' எனப் போற்றினர். அவர் திருக்குர்ஆன் முழுவதையும் நினைவினின்றே எழுதினார் என்பர். விடுதலை பெற்றபின் பாடசாலை ஒன்று நிறுவினார். அடிமைகளும் அங்குக் கற்றனர். 1794-ஆம் ஆண்டளவில் 'அவ்வல்' பள்ளிவாசல் தோன்றிற்று. அவ்வல் என்பதற்கு முதலாவது என்பது பொருள். அந்நிலம், அடிமைத்தளையினின்று நீங்கிய 'இலங்கைக் கொரிடன்' என்பாருடையது. சமய உரிமையோ 1804-இல்தான் கிட்டியது.

வைகறை, நண்பகல், பிற்பகல், அந்தி, இரவு என்பன தொழுகைக்குரிய ஐந்து வேளைகள். கதிரவன் செலவை ஒட்டியே இவை அமையும். கேப்டவுனில் டிசம்பர் திங்கள் கோடையாதலின் அந்தித் தொழுகை இரவு எட்டு மணியளவில் நிகழும். ஜூன் திங்களிலோ மாலை ஆறு மணிக்கு முன்னரே நிகழும். நம் நாட்டு முஸ்லிம்கள் மேற்கு நோக்கித் தொழுவர். கேப்டவுன் மக்கள் வடக்கினின்று சற்றே கிழக்குச் சாய்ந்து நிற்பர். மக்கா நகரத்துக் கஃபா அவர்க்கு அத்திசையில் உள்ளமையே காரணம். கைகால் முகம் கழுவித் தூய்மை செய்து, செல்வரும் வறியரும் தோளோடு தோள் சேர ஒரே வரிசையில் நிற்பர்.

இவ்வரிசைக்கு மீண்டும் ஒரு சோதனை நேர்ந்தது. 1966-இல் 'ஆறாம் வட்டாரம்' என்னும் பகுதியை வெள்ளையர்க்கே உரியதென அந்நாளைய நிறவெறி அரசு அறிவித்தது. ஏறத்தாழ 60,000 மக்கள் தொலைவிலுள்ள மணல்வெளிகட்குப் பெயர்க்கப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன, பள்ளிவாசல்கள் சில வெற்றுநிலத்தின் நடுவே எஞ்சின. பெயர்க்கப்பட்டோர் நெடுந்தொலைவு கடந்து வந்து அவற்றிலே தொழுதனர். வீட்டை இழந்தவர் அண்டை வீட்டாரை அவ்வரிசையிலே மீண்டும் கண்டனர்.

மாணவர்களே! எண்ணிக்கையாற் சிறிய சமூகமும், இடையறாத ஒழுக்கத்தாலும் ஒற்றுமையாலும் நிலைபெறும். பிறர் வழிபாட்டைத் தடுப்பது கொடுமை என்பதையும், அதனை மதிப்பது நாகரிகம் என்பதையும் இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.