வீட்டுப் பட்டறையில் சி.என்.சி. எந்திரம்: அரை மில்லிமீட்டர் கற்பித்த பாடம்

கணினியின் கட்டளைப்படி மரப்பலகையில் எழுத்துகளைச் செதுக்கும் எந்திரத்தைத் தொழிற்சாலைகளில் பலர் பார்த்திருக்கலாம். அத்தகைய சிறிய எந்திரம் ஒன்றைச் செமினியில், எங்கள் வீட்டின் பின்புறப் பட்டறையில் நானே அமைத்தேன். அது இயங்கும் முறையையும், நான் செய்த ஒரு பிழையின்வழி கற்றதையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

தோற்றம்

1940-களின் இறுதியில் அமெரிக்கரான ஜான் பார்சன்ஸ், விமானப் பாகங்களின் வளைவுகளை எண்களால் குறித்து வெட்டும் முறையை முன்னெடுத்தார். 1952-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், துளையிட்ட நாடாவைப் படித்து இயங்கும் எந்திரத்தைச் செய்து காட்டியது. பிற்காலத்தில் நாடாவின் இடத்தைக் கணினி பிடித்தது. 2005-இல் இத்தாலியில் உருவான ஆர்டுயினோ மின்பலகையும், அதில் இயங்குமாறு 2009-இல் எழுதப்பட்ட ஜி.ஆர்.பி.எல். எனும் இலவச மென்பொருளும் இக்கலையை வீடுகளுக்குக் கொண்டுவந்தன.

இயங்கும் முறை

எந்திரம் மூன்று திசைகளில் நகரும்: இடம்-வலம், முன்-பின், மேல்-கீழ். ஒவ்வொரு திசைக்கும் ஒரு ஸ்டெப்பர் மோட்டாரும் ஒரு திருகுத் தண்டும் உண்டு. தண்டில் மாட்டிய பித்தளை நட்டு, வெட்டும் முனையைத் தாங்கிய பகுதியை இழுத்துச் செல்லும்.

ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 அடிகளாகப் பிரித்துச் சுழலும். ஓர் அடி 1.8 பாகை. மின்பலகை ஒவ்வோர் அடியையும் மேலும் 8 ஆகப் பிரித்தால், ஒரு சுற்றுக்கு 1600 துடிப்புகள் தேவை. என் திருகுத் தண்டு ஒரு சுற்றில் 8 மி.மீ. நகர்த்தும். எனவே,

1600 ÷ 8 = ஒரு மி.மீ.க்கு 200 துடிப்புகள்.

இந்த எண்ணை மென்பொருளில் பதிய வேண்டும்.

நேர்ந்த பிழை

முதல் சோதனைக்கு இரப்பர் மரப்பலகையைத் தேர்ந்தெடுத்தேன். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரங்கள் ஒரு காலத்தில் விறகாயின. இன்று மலேசியத் தட்டுமுட்டுச் சாமான் தொழிலுக்கு அவையே முக்கிய மூலப்பொருள். அதில் 'தமிழ்' என்று செதுக்கினேன். 'மி'யின் கொக்கி நெளிந்தது. 'ழ'வின் சுழி மூடவில்லை. 100 மி.மீ. கோடு வரையச் சொன்னால் 99.5 மி.மீ.தான் வந்தது.

அவசரப்பட்டு 200-ஐ 201 ஆக மாற்றினேன். 100 மி.மீ. கோடு சரியாகிவிட்டது! மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 200 மி.மீ. கோடு 200.5 ஆக நீண்டது, 20 மி.மீ. கோடு 19.6 ஆகக் குறைந்தது.

அப்போதுதான் காரணம் புரிந்தது. எண் தவறாக இருந்தால், பிழை நீளத்திற்கேற்பக் கூடிக் குறையும். என் எந்திரத்திலோ நீளம் எதுவானாலும் இழப்பு அதே அரை மில்லிமீட்டர். திருகுத் தண்டுக்கும் நட்டுக்கும் இடையே இருந்த தளர்வே குற்றவாளி. திசை திரும்பும்போதெல்லாம் தண்டு சிறிது வீணாகச் சுழன்ற பிறகே நட்டு நகரத் தொடங்கும். இதனை 'பேக்லாஷ்' என்பர். தமிழ் எழுத்துகளில் வளைவுகள் மிகுதி. வளைவுதோறும் திசை மாறுகிறது. ஆதலால்தான் குறை அங்கே பளிச்செனத் தெரிந்தது.

எண்ணை மீண்டும் 200 ஆக்கினேன். ஒற்றை நட்டுக்குப் பதிலாக, நடுவில் சுருள்வில் வைத்த இரட்டை நட்டைப் பொருத்தினேன். வில் இரு நட்டுகளையும் எதிரெதிர்த் திசையில் தள்ளுவதால் தளர்வு அடங்கியது. 'ழ' முழுமையானது.

கவனிக்க வேண்டியவை

1. அவசர நிறுத்தப் பொத்தானைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள்.
2. கண்ணாடியும் முகக்கவசமும் அணியுங்கள்; மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு.
3. வீட்டு மின்சார இணைப்பைத் தகுதி பெற்றவரிடம் ஒப்படையுங்கள்.
4. எந்திரம் ஓடும்போது இடத்தைவிட்டு நகராதீர்கள்.

முடிவாக

ஒரே ஓர் அளவை மட்டும் சோதித்திருந்தால், தவறான எண்ணையே சரியென்று நம்பியிருப்பேன். ஆய்வுக்கூடத்தில் விடை பொருந்தவில்லை என்றால் எண்ணைத் திருத்தத் தோன்றுவது இயல்பு. மாணவ நண்பர்களே, அத்தருணத்தில் இன்னும் இரண்டு அளவுகளை எடுத்துப் பாருங்கள். பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அவையே காட்டிக்கொடுக்கும்.