நெல்லையைத் தண்ணீர் வழியே பாருங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

திருச்செந்தூர் போகிற வழியில் திருநெல்வேலியில் ஒன்றரை நாள் தங்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். நெல்லையப்பர் கோயிலும் அல்வாவும் போக அங்கே என்ன இருக்கிறது, பேசாமல் குற்றாலத்துக்கு வண்டி பிடித்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

குற்றாலத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெல்லைக்கு அந்த ஒன்றரை நாளே கொஞ்சம் நெருக்கடிதான். ஆனால் இடங்களைப் பட்டியல் போட்டு ஆட்டோவில் ஓடினால் மாலைக்குள் களைத்துப்போவீர்கள், ஊரும் பிடிபடாது. டவுன், ஜங்ஷன், பாளையங்கோட்டை என்று தனித்தனி ஊர்களாகத் தோன்றும் இவற்றைக் கோத்து வைத்திருப்பது தாமிரபரணி. அதனால் தண்ணீர் போகிற வழியே நீங்களும் போங்கள் என்பதுதான் என் யோசனை.

விடிந்ததும் குறுக்குத்துறைக்குப் போய்விடுங்கள். டவுனுக்குத் தெற்கே, ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில் இருக்கிறது. வெள்ளம் வந்து மோதுகிற பக்கத்து மதிலைப் படகின் முனைபோலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பிளந்துகொண்டு இருபுறமும் போய்விடும். ஆறு பெருகும் அறிகுறி தெரிந்தால் உற்சவரையும் பூஜைச் சாமான்களையும் கரைமேல் உள்ள கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். மூலவர் மட்டும் தண்ணீருக்குள் இருப்பார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் ஆறு ஊருக்குள் புகுந்தபோதும் இந்தக் கோயில் மூழ்கிக் கிடந்து, பிறகு வெளியே வந்தது. வெள்ளத்தை எதிர்த்து நிற்காமல் அதற்கு வழிவிட்டு நிற்கக் கற்ற கட்டடம் இது. கட்டியவர்களுக்கு ஆற்றின் குணம் தெரிந்திருக்கிறது.

அங்கிருந்து டவுனுக்கு. மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் நெல்லையப்பர் கோயிலைப் பார்த்துவிட வேண்டும். சுவாமிக்கும் காந்திமதி அம்மனுக்கும் தனித்தனிக் கோயில்கள். இரண்டையும் இணைக்கும் நீண்ட சங்கிலி மண்டபத்தை 1647-இல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டினார். மணிமண்டபத்தில் இசைத்தூண்கள் இருக்கின்றன. பெரிய தூணையும் அதைச் சுற்றி நிற்கும் சிறு தூண்களையும் ஒரே கல்லில் குடைந்திருக்கிறார்கள். தட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள், இத்தனை நூற்றாண்டு அடி வாங்கியது போதும். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான தாமிரசபையையும் விட்டுவிடாதீர்கள்.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் பலரும் ஜங்ஷனுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் நயினார்குளத்தை எட்டிப் பாருங்கள். அழகுபடுத்திய ஏரியை எதிர்பார்க்காதீர்கள், பக்கத்திலேயே காய்கறி மொத்தச் சந்தை. ஆனால் ஊருக்கு மேற்கே சுத்தமல்லி அணைக்கட்டில் ஆற்றிலிருந்து பிரியும் நெல்லைக் கால்வாய்தான் இந்தக் குளத்தை நிரப்புகிறது. எதிர்க்கரை வயல்களுக்குப் பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாய் போகிறது. தாமிரபரணியில் இப்படி எட்டு அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டுமே ஆங்கிலேயர் காலத்தது, மற்றவை அதற்கும் மூத்தவை. இரண்டு பருவமழையும் வாங்குகிற ஆற்றை மேலேயே மடக்கிக் கால்வாய்க்கும் குளத்துக்கும் பங்கு வைத்ததால்தான் இங்கே வயலும், வயலை நம்பிய கோயிலும் கடைத்தெருவும் வந்தன.

வெயில் தாழ்ந்ததும் சுலோசன முதலியார் பாலத்தை நடந்தே கடக்கலாம். ஒரு காலத்தில் அக்கரைக்குப் போகப் படகுத்துறையில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்னும் பதவியில் இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டிய பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. பிறகு அதை அகலப்படுத்தியிருக்கிறார்கள், பக்கத்தில் புதுப் பாலமும் வந்துவிட்டது. ஆனாலும் பழைய வளைவுகளைக் கீழே கொக்கிரகுளம் கரையிலிருந்து பார்க்கலாம். அதே கரையில் நின்றால் இன்னொன்றும் கண்ணில் படும். ஊர்ச் சாக்கடை ஆற்றில்தான் கலக்கிறது. நீதிமன்றம்வரை போன விவகாரம் இது. குளிக்க ஆசையிருந்தால் நகரைத் தாண்டி மேற்கே போய்க் குளியுங்கள்.

பாலத்துக்கு அப்பால் பாளையங்கோட்டை. கோட்டையில் மிஞ்சியது கொஞ்சம்தான். அந்த மிச்சத்தின் மேல் ஏறி உட்கார்ந்த மேடை போலீஸ் ஸ்டேஷனை யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். பாதிரியார் ரேனியஸ் 1826-இல் எழுப்பிய தூய திரித்துவ ஆலயத்தை ஊர்க்காரர்கள் ஊசிக்கோபுரம் என்பார்கள். பள்ளி விடும் நேரத்தில் போனால் சீருடைகளுக்கு நடுவே நீந்திப் போக வேண்டியிருக்கும். பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் இந்தக் கரையில் அவ்வளவு நெருக்கம்.

அல்வாவுக்குப் பேர்போன இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், சீக்கிரம் தீர்ந்தும்விடும். ஆகவே பாளையிலிருந்து டவுனுக்கு நேரத்தோடு திரும்பிக் கீழரத வீதியில் வரிசையில் நில்லுங்கள். ஊறிய கோதுமையை அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவது எந்த ஊரிலும் நடப்பதுதான். ருசி தாமிரபரணித் தண்ணீரால் வருகிறது என்று இங்கே சத்தியம் செய்வார்கள். வாதாடாமல் சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள்.

மறுநாள் திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரத்தில் இறங்கி, வெங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலச் சிற்பங்களைப் பாருங்கள். வீரபத்திரர், கர்ணன், குறத்தி என்று ஒவ்வொருவர் முன்னும் நின்று பார்க்க நேரம் ஒதுக்குங்கள். மேலே போனால் ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் முதலில் தோண்டிய ஈமக்காடு இது. இப்போது அகழ்ந்த குழியின் மேல் கண்ணாடித் தளம் போட்டு, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். இந்தச் சாலையும் ஆற்றை விட்டு அதிகம் விலகுவதில்லை.

எப்போது போவது? ஆனித் தேரோட்டம் பார்க்க வேண்டுமானால் ஜூன், ஜூலையில். கூட்டம் வேண்டாமென்றால் ஜனவரி, பிப்ரவரியில். வெள்ளத்தை நேரில் பார்க்கிற ஆசை மட்டும் வேண்டாம்.

ஒன்று விட்டுப்போயிற்று: சொதி. பாசிப்பருப்பும் காய்கறியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்தக் குழம்பு, கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்து. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி கட்டாயம். ஓட்டலில் கிடைத்தால் விடாதீர்கள், நெல்லையில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். போய்வந்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்