முதலில் தூக்கத்தைக் கேளுங்கள்

சிப்பாய்கள் பலர் நாற்பதைத் தொடுமுன்பே ஓய்வுபெற்றுவிடுகிறார்கள். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் வீடு திரும்பியவருக்குச் சட்டென்று கிடைப்பது கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை, அதுவும் பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். ‘பென்ஷன் வருகிறது, வேலையும் இருக்கிறது, பிறகென்ன குறை?’ என்பார்கள். சம்பளம் வீட்டுச் செலவைத் தாங்கும். ஒரே தட்டில் சாப்பிட்ட தோழர்களைத் திருப்பித் தராது. அந்த வெறுமையோடு தூக்கமும் கெட்டால் எரிச்சலும் குடியும் கூடும். ஆகவே ‘மனசு சரியில்லையா?’ என்று கேட்பதைவிட ‘எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?’ என்று கேளுங்கள். கூச்சமில்லாமல் பதில் வரும். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் பகலில் தூங்க, ஜன்னலுக்குக் கனத்த போர்வை கட்டி, காலிங் பெல்லை அணைத்து வையுங்கள்.

‘பட்டாளத்துக்காரருக்கா மனநோய்?’ என்பது தவறான பெருமை. ராணுவமே அப்படி நினைக்கவில்லை: 2023 டிசம்பரில் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் படையினருக்கென்றே டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையின் பிரிவு தொடங்கப்பட்டது. டெலி மானஸ் எண்ணான 14416-ஐ யாரும், எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம், மனைவியும் அழைக்கலாம். தூக்கமின்மை இரண்டு வாரம் நீடித்தால் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் அட்டையோடு டாக்டரைப் பாருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல், அன்றே ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.