அலுவலக நக்கீரர்களின் கவனத்துக்கு!

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், தனக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகப் படத்துடன் போடுகிறார். கீழே வரிசையாக ‘வாழ்த்துக்கள்’ குவிகிறது. ஒன்பதாவதாக ஒருவர் வருகிறார். “‘வாழ்த்துகள்’ என்பதே சரி. நடுவில் ‘க்’ வராது.” அடுத்த அரை மணி நேரத்துக்குக் குற்றியலுகரமும் ‘கள்’ விகுதியும்தான் பேச்சு. தாயும் சேயும் நலமா என்று கேட்க ஆளில்லை.

இந்த ஒன்பதாவது ஆள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. மெயிலில் ஆங்கிலப் பிழை, நோட்டீஸில் சந்திப் பிழை, கேன்டீன் பலகையில் எழுத்துப் பிழை என எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ‘மத்தவங்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரியுதே’ என்று உள்ளூர ஒரு பெருமையும் இருக்கும். சிலர் அவரைக் கெட்டிக்காரர் என்பார்கள். சிலர் அவர் வந்ததும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

பிறர் பிழையைத் திருத்துவது அறிவின் அடையாளமா? பிழையைக் கண்டுபிடிப்பது ஒரு திறமை, அவ்வளவே. எதைச் சொல்வது, எதை விடுவது, யாரிடம் எப்போது சொல்வது என்று தெரிந்திருந்தால்தான் அந்தத் திறமை வேலையில் உங்களை உயர்த்தும்.

எரிச்சல் எதைக் காட்டுகிறது?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி போலண்ட், ராபின் குவீன் இருவரும் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேவை என்ற விளம்பரத்துக்கு வந்த பதில்கள் என்று சொல்லி, 83 பேரிடம் சில மின்னஞ்சல்களைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலவற்றில் பிழையே இல்லை. சிலவற்றில் கைதவறி அடித்த தட்டச்சுப் பிழைகள். இன்னும் சிலவற்றில், ஒரே ஓசையுள்ள இரண்டு ஆங்கிலச் சொற்களில் ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதிவிடும் பிழைகள். எழுதியவர் புத்திசாலியா, நம்பத் தகுந்தவரா, உடன் தங்க ஏற்றவரா என்று மதிப்பிடச் சொன்னார்கள். மதிப்பிட்டவர்களின் குணநலன்களையும் தனியாக அளந்துகொண்டார்கள்.

பிழையோடு எழுதியவர்களுக்குப் பொதுவாகவே மதிப்பு குறைந்தது. ஆனால், எல்லோரும் ஒரே அளவுக்குக் கறாராக இல்லை. கலகலப்பானவர்கள் பிழையைப் பெரிதுபடுத்தவில்லை. தனிமை விரும்பிகள் கூடுதலாகக் குறைத்துப் போட்டார்கள். அனுசரித்துப் போகும் குணம் குறைந்தவர்களை இலக்கணப் பிழை அதிகம் உறுத்தியது. ஒழுங்கில் கண்டிப்பானவர்களையும், புதியதை எளிதில் ஏற்காதவர்களையும் தட்டச்சுப் பிழை உறுத்தியது.

மதிப்பிட்டவர்களின் புத்திக்கூர்மையை இந்த ஆய்வு அளக்கவே இல்லை, அளந்தது சுபாவத்தை. சிறிய ஆய்வுதான், அதுவும் ஆங்கிலத்தில் நடந்தது. ஆனாலும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதிலிருந்து இரண்டு பாடங்கள் உண்டு. பிறர் பிழையைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதை அறிவுக்கான சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் பிழை நம் மதிப்பைக் குறைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் எழுத்தில் கறாராக இருங்கள். பிறர் எழுத்தில் தாராளமாக இருங்கள்.

பிழை ஏன் சிலர் கண்ணில் மட்டும் படுகிறது?

நல்ல தமிழாசிரியர் வாய்த்தவருக்கும் வீட்டில் நாலு பத்திரிகை வாங்கிப் படித்தவருக்கும் பிழை சட்டெனத் தெரியும். அது வாசிப்பும் பயிற்சியும் தந்த கண். தமிழ்வழியில் படித்து, கல்லூரியில்தான் முதன்முதலாக ஆங்கிலத்தில் பாடம் கேட்ட ஒரு பொறியாளரை எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் சர்வர் விழுந்தால் எல்லோரும் அவரைத்தான் எழுப்புகிறார்கள். அவர் மெயிலில் ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று பிழையாக எழுதினால், அது அவர் படித்த பள்ளியைப் பற்றிய தகவல் மட்டுமே.

டிஸ்லெக்சியா உள்ளவருக்கு எழுத்துக்கூட்டுவதே போராட்டம். புத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கற்றல் குறைபாடுகளையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அடுத்த நாற்காலியில் இருப்பவருக்கு அப்படி ஒன்று இருக்கலாம். அதை அவர் யாரிடமும் சொல்லாமலும் இருக்கலாம்.

‘சரி’ என்பதும் காலத்தோடு நகர்வதுதான். பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் பயன்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978-ல்தான் தமிழக அரசு ஏற்றது. அதற்கு முன் பள்ளி முடித்த பெரியவர் இன்றும் ‘லை’க்குத் தும்பிக்கை போட்டு எழுதினால், அதைச் சுழித்துக் காட்ட வேண்டியதில்லை. ‘ப்ரீபோன்’ (முன்தேதிக்கு மாற்றுவது) என்றதும் சிரிக்கிறவர்களும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே அதை இந்திய ஆங்கிலச் சொல்லாகச் சேர்த்தாயிற்று.

இதைவிட ஆபத்து, அரைகுறையாகத் தெரிந்துகொண்டு திருத்துவது. வல்லினம் மிகும் இடம் மட்டும் தெரிந்து, மிகா இடம் தெரியாதவர் ‘ஊறுகாய்’க்கு நடுவிலும் ஒரு ‘க்’ போட்டு வைப்பார். ‘வேலையைக் கொடு’ என்பதற்கு ஒற்று வேண்டும். ‘வேலை கொடு’ என்பதற்கு வேண்டாம். ஆஸ்திரேலிய எடிட்டர் ஜான் பாங்சுண்ட் 1992-ல் இதற்கு ஒரு விதியே எழுதினார். பிறர் பிழையைச் சுட்டிக்காட்டி நீங்கள் எழுதும் குறிப்பிலேயே ஒரு பிழை இருக்கும் என்பது அதன் சாரம். ‘மர்ஃபி விதி’யின் பெயரை வேண்டுமென்றே பிழையாக்கி, அதற்கு ‘மஃப்ரி விதி’ என்று பெயர் வைத்தார். திருத்தம் அனுப்பும் முன் அதை இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

நக்கீரர் எதைப் பிடித்தார்?

ஓயாமல் திருத்துகிறவருக்கு அலுவலகத்தில் ‘நக்கீரர்’ என்று பட்டப்பெயர் வைத்துவிடுகிறோம். அது நக்கீரருக்குச் செய்யும் அநியாயம். 1965-ல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தை இன்னொரு முறை பாருங்கள். இயக்குநர் ஏ.பி. நாகராஜனே நக்கீரராக நடித்திருப்பார். தருமி கொண்டுவந்த பாட்டில் குற்றம் சொல்லிலா, பொருளிலா என்று சிவன் கேட்கிறார். நக்கீரர் சொல்லைத் தொடவே இல்லை. அதில் குற்றம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுகிறார். அவர் விடாமல் பிடித்தது பொருட்குற்றத்தை. அதற்காகப் பாட்டை எழுதிய சிவனிடமே வாதாடினார்.

அலுவலகத்துக்கும் இந்தப் பிரிவினை போதும். படிப்பவருக்கு விஷயம் புரிகிறது, எழுத்து மட்டும் சறுக்கியிருக்கிறது என்றால் அது சொற்குற்றம். பணம், தேதி, பெயர், பொறுப்பு ஆகியவற்றில் எதையாவது படிப்பவர் தவறாக எடுத்துக்கொள்வார் என்றால் அது பொருட்குற்றம். ஒரே ஒரு புள்ளியும் பொருட்குற்றம் ஆகலாம்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று மாநிலச் சட்டம் ஒரு பட்டியல் தந்திருந்தது. அதன் கடைசியில் ஒரு காற்புள்ளி இல்லை. அனுப்பவோ விநியோகிக்கவோ ‘பேக்’ செய்வது என்ற ஒரே வேலையை அது சொல்கிறதா? அல்லது பேக்கிங் ஒன்று, விநியோகம் இன்னொன்று என்று இரண்டு வேலைகளைச் சொல்கிறதா? ஓட்டுநர்கள் விநியோகம் செய்கிறவர்கள். பேக் செய்கிறவர்கள் அல்லர். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் குழப்பத்தின் பலனை ஓட்டுநர்களுக்கே தந்தது. 2018-ல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

பிரிட்டனில் ஓர் எழுத்து ஒரு நிறுவனத்தையே சாய்த்தது. 2009-ல் அங்குள்ள நிறுவனங்கள் பதிவகம், ‘டெய்லர் அண்ட் சன்’ என்ற நிறுவனம் மூடப்படுவதைப் பதிவு செய்யும்போது, கார்டிஃபில் இருந்த ‘டெய்லர் அண்ட் சன்ஸ்’ மீது அதைப் பதிந்துவிட்டது. கூடுதலாக ஒரு ‘ஸ்’! கடன் தந்தவர்களும் சரக்கு தந்தவர்களும் பின்வாங்க, நன்றாக நடந்த நிறுவனம் படுத்தது. பதிவகம்தான் பொறுப்பு என்று 2015-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ‘ஸ்’ஸைப் பார்த்துச் சொல்ல அன்று அங்கே ஓர் ஆள் இருந்திருந்தால், அவரை யாரும் நொட்டை சொல்கிறவர் என்றிருக்க மாட்டார்கள்.

வாய் திறக்கும் முன் மூன்று கேள்விகள்

1. இதனால் படிப்பவர் செய்யப்போவது மாறுமா? கொட்டேஷனில் ஒரு சுழியம் குறைந்திருக்கிறது. ‘30 நாளுக்குள்’ என்பது ‘30 நாளுக்குப் பின்’ என்று இருக்கிறது. ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து தவறு. இவற்றுக்கு உடனே குரல் கொடுங்கள்.

2. இன்னும் திருத்த முடியுமா? பேனர் டிசைனாக இருக்கும்போது சொன்னால் உதவி. ஃப்ளெக்ஸ் கட்டி, விழா நடந்துகொண்டிருக்கும்போது சொன்னால் குத்தல்.

3. சொல்ல வேண்டியவர் நான்தானா? அந்த வேலைக்குப் பொறுப்பானவர் இருந்தால் அவர் காதில் போடுங்கள். குழுவில் போடாதீர்கள்.

மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் தயங்க வேண்டாம். முதல் கேள்விக்கே ‘இல்லை’ என்றால் விட்டுவிடுங்கள். இதற்கு விதிவிலக்கு, நிறுவனத்தின் பெயரில் வெளியே போகும் எழுத்து. விளம்பரம், இணையதளம், பொட்டலத்தின் மேல் அச்சாகும் வாசகம் போன்றவற்றில் சொற்குற்றமும் காசைத் தின்னும். அங்கே ஒவ்வொரு புள்ளியையும் பாருங்கள்.

யாரிடம் எப்படி?

மேலதிகாரியிடம்: தனியாக, கேள்வியாக. “சார், மூணாவது பாராவுல டெலிவரி தேதி 12-னு இருக்கு. பிஓ-வுல 21-னு பார்த்த ஞாபகம். எது சார் சரி? மாத்தி அனுப்பிடவா?” திருத்தத்தோடு வேலையையும் கையில் எடுத்துக்கொள்கிறீர்கள். அதற்கு மேல் விளக்கவுரை வேண்டாம்.

சக ஊழியரிடம்: சுருக்கமாக, நேரத்தோடு. “டேய், கிளையன்ட் பேருல ‘ழ’ வரும், நீ ‘ள’ போட்டிருக்க. அனுப்புறதுக்குள்ள மாத்திடு.”

ஜூனியரிடம்: பக்கம் முழுக்கச் சிவப்பு மை வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு பிழையை எடுத்து, காரணத்தோடு சொல்லுங்கள். “ரிப்போர்ட் நல்லா வந்திருக்குப்பா. தேதியை மட்டும் 05/06-னு எழுதாத. நமக்கு அது ஜூன் 5, அமெரிக்கா கிளையன்ட்டுக்கு மே 6. மாசத்தை எழுத்துலயே போட்டுடு.”

வாடிக்கையாளரிடம்: அவர் மொழியை ஒருபோதும் திருத்த வேண்டாம். உங்கள் பதிலில் சரியான வடிவத்தைப் பயன்படுத்தினால் போதும். அவர் தந்த எண்ணிலோ தேதியிலோ சந்தேகம் வந்தால், “உறுதி செய்துகொள்வதற்காகக் கேட்கிறோம்” என்று தொடங்குங்கள்.

குழுவில்: நட்சத்திரக் குறி போட்டு, சரியான சொல்லை மட்டும் அடித்து அனுப்பும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். ஆர்டர் கிடைத்த செய்தியை ஒருவர் ஆசையாகப் போட, அதற்கு முதல் பதிலாக அந்த நட்சத்திரம் போய் நின்றால், அடுத்த செய்தியை அவர் குழுவில் போட மாட்டார். நாளைக்கு உண்மையிலேயே ஒரு பொருட்குற்றம் வரும்போது, அது உங்கள் கண்ணுக்கே வராமல் போய்விடும்.

உங்களை ஒருவர் திருத்தினால்? “நன்றி, மாத்திட்டேன்.” அவசரத்தில் அடித்தேன், போன் தானாக மாற்றிவிட்டது என்ற காரணங்கள் யாருக்கும் தேவையில்லை. தவறான திருத்தம் என்றால் தனியாகச் சொல்லுங்கள், அதுவும் ஒரே ஒரு முறை.

இதையே வேலையாக்குங்கள்

பிழை காணும் கண் இருந்தால் அதை வீணாக்க வேண்டாம். பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துநர், பத்திரிகையில் உதவி ஆசிரியர், ஐ.டி.யில் டெக்னிக்கல் ரைட்டர், செயலிகளையும் படங்களையும் தமிழுக்குக் கொண்டுவருகிறவர் என இந்தக் கண்ணுக்குச் சம்பளம் தரும் வேலைகள் இருக்கின்றன. வேறு வேலையில் இருந்தாலும், டெண்டரோ ஒப்பந்தமோ வெளியே போகும் முன் கடைசியாகப் பார்க்கும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். கேட்டு வாங்கிய பிறகு நீங்கள் சொல்லும் திருத்தம் யாரையும் சுடாது. அது உங்கள் வேலை.

ஒரு பக்கத்தில் நடைக்குறிப்பு தயாரித்துக் கொடுங்கள். நிறுவனத்தின் பெயரை எப்படி எழுதுவது, தேதியை எப்படிப் போடுவது, தொகையை லட்சத்தில் சொல்வதா மில்லியனில் சொல்வதா, ‘வாழ்த்துகள்’ என்பதா ‘வாழ்த்துக்கள்’ என்பதா என்று எல்லாவற்றையும் அதில் முடிவு செய்துவிடலாம். பத்துப் பேரைப் பத்து முறை திருத்துவதைவிட இது மேல்.

நேர்முகத் தேர்வில் ஆள் எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விளம்பர வாசகம் எழுத வருபவரின் விண்ணப்பத்தில் பிழை இருந்தால் நிராகரியுங்கள். இயந்திரம் பழுது பார்க்க வருபவரின் விண்ணப்பத்தில் பிழை இருந்தால், இயந்திரத்தைக் காட்டி ஆளைச் சோதியுங்கள்.

நாளைக் காலை முதல் வேலையாக, நீங்கள் கடைசியாக அனுப்பிய கொட்டேஷனையோ ஒப்பந்தத்தையோ திறந்து நான்கு இடங்களை மட்டும் பாருங்கள்: பெயர், தொகை, தேதி, யார் எதற்குப் பொறுப்பு. ஒற்றுப் பிழையை விட்டுவிடுங்கள். அந்த நான்கில் ஒன்று தவறாக இருந்து, பணம் கைமாறும் முன் அதைச் சரிசெய்துவிட்டால், அந்த மாதச் சம்பளத்தை அப்போதே சம்பாதித்துவிட்டீர்கள்.